பத்துப் புள்ளிக்கு ஒரு தடவை மாற வேண்டிய விளக்கு

எங்கள் வீட்டு பின்பால் மெஷினில் (சாய்ந்த பலகையில் உருளும் பந்தைக் கீழே விழாமல் அடித்து அடித்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம்) ஒரு விளக்கு தப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஏழு மாதம் அது என் கண்ணெதிரேதான் எரிந்தது. அதுதான் அந்த மெஷினின் விதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது, அதே மெஷினைப் பார்த்து ஒருவர் கம்ப்யூட்டருக்காகச் செய்து வெளியிட்ட டிஜிட்டல் டேபிள்.

பழைய மெஷின்களைச் சீர்செய்கிறவர்களில் சிலருக்குத் திரையில் ஆடும் பின்பால் மேல் பெரிய மதிப்பில்லை. திரையில் ஆடுகிறவர்களில் சிலருக்கு, ஒரு ஆட்டம் ஆடுவதற்காக மூன்று மாதம் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருப்பது புரிவதில்லை. நான் இரண்டு பக்கமும் இருப்பவன். இது இல்லாமல் அது எனக்கு ஓடாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். அது எப்படி என்று எழுதத்தான் இந்தப் பதிவு.

முதலில் மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1970களின் நடுவில் வந்தது. ஒருவர் மட்டும் ஆடும் எலக்ட்ரோமெக்கானிக்கல் வகை. உள்ளே சிப் கிடையாது, புரோகிராம் கிடையாது. ரிலேக்கள் (மின்சாரத்தால் இழுபடும் சுவிட்சுகள்), ஒவ்வொரு படியாக நகரும் ஸ்டெப்பர் யூனிட்டுகள், நடுவில் ஒரு ஸ்கோர் மோட்டார், அதன் கேம்களைச் (மேடு பள்ளமுள்ள சக்கரங்களை) சுற்றி அடுக்கடுக்காகச் சுவிட்ச் இலைகள், இவை எல்லாவற்றையும் கோக்கும் கம்பிக் கட்டுகள், அவ்வளவுதான். பந்து 10 புள்ளி சுவிட்சைத் தட்டினால் ஒரு ரிலே இழுக்கும். அது புள்ளியைக் காட்டும் எண் உருளையை, அதாவது ஸ்கோர் ரீலை, ஒரு எண் நகர்த்தும். மணி ஒரு தடவை அடிக்கும். 50 புள்ளி என்றால் ஸ்கோர் மோட்டார் சுழன்று அதே 10 புள்ளியை ஐந்து முறை தட்டிக் கொடுக்கும். அந்த ஐந்து மணியையும் மோட்டாரின் உறுமலையும் சேர்த்துக் கேட்பதற்காகவே நான் இதை வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்தபோது ரப்பர் வளையங்கள் எல்லாம் கல்லாகியிருந்தன. கால்களில் துரு. ஆட்டப்பலகையில் பந்து ஓடி ஓடிக் கறுத்த தடங்கள். அதையெல்லாம் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துத் துடைத்து மாட்டிய கதை நீளமானது, இங்கே வேண்டாம். நான்காவது மாதம் மெஷின் ஆட ஆரம்பித்தது. பந்து வந்தது, புள்ளி ஏறியது, ஆட்டம் முடிந்தது. சரி, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு ஓரத்திலும் பந்து வழிந்தோடும் அவுட்லேன்கள் உண்டு அல்லவா? என் மெஷினில் மேலே இருக்கும் நான்கு லேன்கள் (பந்து புகுந்து போகும் குறுகிய வழிகள்) வழியாகவும் பந்தை விட்டு முடித்துவிட்டால் அவுட்லேனில் ‘ஸ்பெஷல்’ விளக்கு எரியும். அந்த வழியாகப் பந்து போனால் பந்து போய்விட்டதே என்ற வருத்தத்துக்கு ஈடாக ஒரு ஆட்டம் இலவசம். எங்கள் மெஷினில் அது எப்போதும் இடது பக்கம்தான் எரியும். நானும் இடது பக்கமாகப் பந்தை விடுவதற்குப் பழகிக்கொண்டேன். மகளுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு நாள் ராத்திரி விஷுவல் பின்பாலில் என் மெஷினின் டேபிள் வெளியாகியிருப்பதைப் பார்த்தேன். விஷுவல் பின்பால் என்பது ராண்டி டேவிஸ் 2000-இல் வெளியிட்ட மென்பொருள். பின்னால் அதன் மூல நிரல் திறந்துவிடப்பட்டது. ஆர்வலர்கள் இன்றுவரை அதை வளர்க்கிறார்கள், டேபிள்களைச் செய்து இலவசமாகவே வெளியிடுகிறார்கள். இறக்கிக்கொண்டேன். மானிட்டரை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்தேன் (பின்பாலைப் படுக்கைவாட்டுத் திரையில் ஆடுவதை நான் விட்டுப் பல வருடம் ஆகிறது). பக்கத்தில் மகள் வந்து நின்றாள். நான்கு லேன்களையும் முடித்தேன். ஸ்பெஷல் எரிந்தது.

"அப்பா, விளக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு."

பார்த்தேன். வலது பக்கம் எரிந்தது. பந்து 10 புள்ளி ரப்பரில் பட்டது, இடது பக்கம் வந்தது. இன்னொரு தடவை பட்டது, மறுபடி வலது. ஒவ்வொரு 10 புள்ளிக்கும் விளக்கு இடம் மாறிக்கொண்டே இருந்தது.

டேபிள் செய்தவர்தான் தவறு செய்திருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு. 1970களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த மெஷின்களில் உள்ளே கம்ப்யூட்டர் போர்டு இருக்கும், புரோகிராம் அழியாமல் பதிந்திருக்கும் ரோம் சிப்பில் இருக்கும். அந்த ரோமை அப்படியே எடுத்து ஓட்டுவதற்கு பின்மேம் என்ற எமுலேட்டர் (அந்தப் பழைய போர்டு மாதிரியே நடந்துகொள்ளும் மென்பொருள்) இருக்கிறது. அதனால் அந்த வகை டேபிள்களில் விதி பிசகுவதற்கு வாய்ப்பு குறைவு. உள்ளே ஓடுவது தொழிற்சாலையில் எழுதிய அதே நிரல். எலக்ட்ரோமெக்கானிக்கல் மெஷினில் எடுத்து ஓட்ட எதுவுமே இல்லை. கம்பிகள்தான் அதன் நிரல். டேபிள் செய்கிறவர் சர்க்யூட் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்த ரிலே இழுத்தால் அது திறக்கும், அது திறந்தால் இது அணையும் என்று ஒவ்வொரு கோடாகப் படித்து, விதியைத் தானே எழுத வேண்டும். மெஷினைச் சீர்செய்கிறவன் படிக்கும் அதே படம்.

என்னிடமும் அந்தப் படம் இருந்தது. சாப்பாட்டு மேஜை கொள்ளாத பெரிய தாள். தரையில் விரித்து, ஸ்பெஷல் விளக்கின் கோட்டில் விரலை வைத்துப் பின்னோக்கிப் போனேன். விரல் போய் நின்ற இடத்தில் ஆல்டர்நேட்டர் யூனிட் என்று இருந்தது. அப்படி ஒரு யூனிட் என் மெஷினில் இருப்பது தெரியும். ஆட்டப்பலகையைத் தூக்கினால் பின் மூலையில் தெரியும். பிரித்துத் துடைக்காமல் விட்டிருந்த இரண்டு மூன்று பாகங்களில் அதுவும் ஒன்று. பார்ப்பதற்குச் சுத்தமாகத்தான் இருந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்றால், ஒரு காயில் (மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் கம்பிச்சுருள்), அது இழுக்கும் ஒரு இரும்புத் தண்டு, தண்டின் நுனியில் ஒரு கொக்கி, கொக்கி நகர்த்தும் ஒரு பல்சக்கரம். 10 புள்ளிக்கு ஒரு இழுப்பு. ஒரு இழுப்புக்கு ஒரு பல். சக்கரத்தோடு சேர்ந்த கேம் ஒரு தடவை சுவிட்ச் இலையை மேட்டில் தூக்கும், அடுத்த தடவை பள்ளத்தில் இறக்கும். மேடு என்றால் இடது விளக்கு, பள்ளம் என்றால் வலது. ஆட்டப்பலகையைத் தூக்கி நிறுத்திவிட்டு மகளை மேலே 10 புள்ளி சுவிட்சை விரலால் தட்டச் சொன்னேன். காயில் இழுத்தது. தண்டு உள்ளே போனது, போன இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. ஸ்ப்ரிங் அதைத் திருப்பி இழுக்க வேண்டும். இழுத்தது, ஆனால் பாதி வழிதான். கொக்கி அடுத்த பல்லுக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்த இழுப்பில் சக்கரம் அசைந்தது, நகரவில்லை.

பழைய கிரீஸ். நாற்பது ஐம்பது வருடத்தில் அது கிரீஸாக இருப்பதை விட்டுவிட்டு, காய்ந்த பசை மாதிரி, தேன் நிறத்தில், நகத்தால் சுரண்டினால் சுருண்டு வருகிற பொருளாகிவிடும். தண்டு காயிலுக்குள் போய் வரும் குழலுக்குள்ளும் யாரோ ஒரு காலத்தில் எண்ணெய் விட்டிருந்தார்கள். அங்கே எண்ணெயே விடக்கூடாது. தண்டும் குழலும் உலர்ந்தே ஓட வேண்டும். சூட்டில் எண்ணெய் பிசினாகிவிடும். ஏதாவது சிக்கினால் ஸ்ப்ரே அடித்துவிடலாம் என்று நினைக்கும் எல்லாரிடமும் இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பின்பால் மெஷினுக்குள் ஸ்ப்ரே எண்ணெய் வேண்டாம். சுவிட்சுகளில் பொறி பறக்கும் இடம் அது, தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

யூனிட்டைக் கழற்றும் முன் ஒவ்வொரு கம்பியின் நிறத்தையும் படமெடுத்துக்கொண்டேன். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தண்டைத் துடைத்தேன், துணி பழுப்பானது. குழலுக்குள் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுத் துடைத்தேன். எட்டுக் குச்சி பழுப்பாக வந்தது, ஒன்பதாவது வெள்ளையாக வந்தது. பல்சக்கரத்தின் அச்சில் மட்டும் ஊசி நுனியில் எடுத்த அளவுக்குப் புது கிரீஸ். மாட்டிவிட்டுக் கையால் தண்டைத் தள்ளினேன். டிக் என்று ஒரு பல். விட்டேன், தானாகத் திரும்பி வந்தது. மறுபடி டிக்.

"தட்டும்மா" என்றேன். தட்டினாள். விளக்கு வலது பக்கம் போனது. 

அன்று ராத்திரி அவள் முப்பது நாற்பது தடவையாவது அந்தச் சுவிட்சைத் தட்டியிருப்பாள். நானும் நிறுத்தச் சொல்லவில்லை. ஏழு மாதம் தப்பாக ஆடிய ஆட்டம் அப்போதுதான் சரியாக ஆரம்பித்தது. விளக்கு மாறிக்கொண்டே இருந்தால் ஸ்பெஷல் எடுப்பது எவ்வளவு கஷ்டம், அதில் எவ்வளவு பதற்றம் இருக்கிறது என்பது புரிந்தது. பந்து அவுட்லேனை நோக்கிப் போகும்போது வழியில் ஒரு ரப்பரை உரசினால் போதும், இந்தப் பக்கம் எரிந்தது அந்தப் பக்கம் போய்விடும். மெஷினை வடிவமைத்தவர் மனதில் இருந்த ஆட்டம் இதுதான்.

அதற்குப் பிறகு நான் டிஜிட்டல் டேபிளை ஆடும் விதமே மாறிவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டையும் ஒப்பிட ஆரம்பித்தேன். அப்படி அகப்பட்டதுதான் இடது ஃபிளிப்பர், பொத்தானை அழுத்தினால் பந்தை மேலே அடிக்கும் கை. திரையில் இடது ஃபிளிப்பரால் அடித்தால் பந்து மேல் லேன்வரை போகிறது. என் மெஷினில் நடுவழியிலேயே மூச்சு வாங்குகிறது. வயதான காயில், இவ்வளவுதான் முடியும் என்று விட்டிருந்தேன். காயிலுக்கு வயதாவதில்லை. ஒன்று அது நன்றாக இருக்கும், அல்லது கருகிப்போயிருக்கும்.

ஃபிளிப்பர் காயிலுக்குள் இரண்டு சுற்றுகள் உண்டு. தடித்த கம்பியில் ஒன்று, அடிப்பதற்கு. மெல்லிய கம்பியில் ஒன்று, தூக்கிய ஃபிளிப்பரை அப்படியே பிடித்துக்கொள்வதற்கு. பொத்தானை அழுத்தியதும் மின்சாரம் தடித்த சுற்றில் முழு வேகத்தில் பாய வேண்டும். ஃபிளிப்பர் உச்சிக்குப் போனதும் ஒரு சிறிய சுவிட்ச் திறந்து, மெல்லிய சுற்றையும் வழியில் சேர்த்துவிடும்; மின்சாரம் குறையும், காயில் சூடேறாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இதற்குத்தான் எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக் சுவிட்ச் என்று பெயர். அது திறக்காமல் போனால் காயில் கருகும். அதன் முனைகள் கறை பிடித்துச் சரியாக மூடாமல் போனால், அடிக்கிற வேளையிலேயே மின்சாரம் மெல்லிய சுற்று வழியாகத் தவழ்ந்து போகும். ஃபிளிப்பர் சோர்ந்துவிடும். என்னுடையது இரண்டாவது வகை. முனைகளில் சாம்பல் பூத்துக் குழி விழுந்திருந்தது.

இந்த முனைகள் டங்ஸ்டன், கடினமானவை. மெல்லிய அரம் போட்டுத் தேய்க்கலாம். மற்ற இடங்களில் இருக்கும் வெள்ளி முனைகளில் அரத்தை வைத்தால் கொஞ்ச நாளில் முனையே இருக்காது. அதற்கு வளையும் தேய்ப்புக்கல் ஒன்று விற்கிறார்கள், இரண்டு இழுப்பு போதும். பிற்காலத்து மெஷின்களில் தங்கமுலாம் பூசிய முனைகள் வரும். அவற்றுக்குச் சுத்தமான விசிட்டிங் கார்டை நடுவில் விட்டு இழுப்பதே போதும். இது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே அரத்தால் தேய்த்துக் கெடுத்த மெஷின்களைப் பார்த்திருக்கிறேன்.

டிஜிட்டல் டேபிள் எல்லாவற்றிலும் சரி என்று சொல்லவில்லை. ஃபிளிப்பர் என்பதே 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் ஹம்டி டம்டி மெஷினில்தான் மின்சாரத்தால் ஓடும் வடிவத்தில் வந்தது. அதில் ஆறு ஃபிளிப்பர்கள். அதற்கு முன் பந்தை விட்டபின் மெஷினைத் தட்டி அசைப்பதுதான் ஆட்டக்காரர் கையில் இருந்தது. அங்கிருந்து 1990களுக்கு வருவதற்குள் ஃபிளிப்பரின் நீளம், வலு, பலகையின் சாய்வு எல்லாமே மாறிவிட்டன. என் மெஷினை நான் மூன்றரை டிகிரி சாய்வில் வைத்திருக்கிறேன். பிற்கால மெஷின்களுக்கு ஆறரை டிகிரி வழக்கம். பழைய டேபிளுக்குப் புது மெஷினின் ஃபிளிப்பர் வலுவைக் கொடுத்து வெளியிடுகிறவர்கள் உண்டு. பந்து விர்ரென்று பறக்கும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது அந்த ஆட்டம் இல்லை. பழைய மெஷினில் பந்து சாவகாசமாக இறங்கும். அந்தச் சாவகாசத்தில்தான் மெஷினை இடுப்பால் எவ்வளவு தள்ளலாம், மெஷினை அதிகமாக அசைப்பதைக் கண்டுபிடிக்க உள்ளே ஊசலாடும் டில்ட் குண்டு வளையத்தைத் தொடாமல் இருக்குமா என்று யோசிக்க நேரம் கிடைக்கும். 

கடையில் விற்கும் டேபிள்கள் தனி உலகம். 2012-இல் வந்த பின்பால் ஆர்கேட் என்ற வீடியோ கேம் வழியாகத்தான் வில்லியம்ஸ், பாலி நிறுவனங்களின் மெஷின்கள் பலவற்றை நான் முதன்முதலாக ஆடினேன். நேரில் பார்க்க வாய்ப்பே இல்லாத மெஷின்கள். 2018 ஜூன் 30-உடன் அந்த மெஷின்களை வெளியிட அதற்கிருந்த உரிமம் முடிந்தது. அந்த டேபிள்கள் விற்பனையிலிருந்து போய்விட்டன. முன்பே வாங்கியவர்களிடம் மட்டும் இருந்தன. கடைசி வாரத்தில் அவசர அவசரமாக ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது நினைவிருக்கிறது. அதே வருடம் அக்டோபரில் ஜென் ஸ்டூடியோஸ் நிறுவனம் தன் பின்பால் எஃப்எக்ஸ்3 கேமில் வில்லியம்ஸ் டேபிள்களை வெளியிட ஆரம்பித்தது. முதல் தொகுப்பிலேயே மெடீவல் மேட்னஸ் இருந்தது, 1997-இல் வந்த மெஷின், பிரையன் எடியின் வடிவமைப்பு. கோட்டைக் கதவை உடைக்கும் அந்த ஆட்டத்தை எத்தனை தடவை ஆடினாலும் எனக்கு அலுக்காது. பலகைமேல் பொம்மைகள் எழுந்து நடமாடும் அலங்காரங்களையும் சேர்த்திருந்தார்கள். நல்லவேளை, வேண்டாம் என்றால் அணைத்துவிட்டு மூலவடிவில் ஆடலாம். நான் எப்போதும் அணைத்துவிடுவேன்.

புதுத் தொகுப்பு வருகிறது என்றால் இன்றும் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் இல்லை. ஆனால் பெரிய வெளியீடுகளில் எலக்ட்ரோமெக்கானிக்கல் டேபிள் எப்போதாவதுதான் தலைகாட்டுகிறது. வளைவுப் பாதைகளும் பேசும் குரலும் டாட் மேட்ரிக்ஸ் (புள்ளிகளால் படம் காட்டும்) திரையும் உள்ள 1990களின் மெஷின்களுக்குத்தான் முதல் இடம். அவை அருமையானவை, மறுக்கவில்லை. மணியும் ரீலும் மட்டும் உள்ளவற்றுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. இப்போதைக்கு அந்த வேலையைத் தங்கள் சொந்த நேரத்தில் செய்துகொண்டிருப்பவர்கள் விஷுவல் பின்பால் ஆர்வலர்கள்தான்.

ஒரு டேபிளுக்கு அவர்கள் படும் பாடு எனக்கு இப்போதுதான் தெரிகிறது. விளக்கு சரியானதும் அந்த டேபிளைச் செய்தவருக்கு நன்றி சொல்லி எழுதினேன், என் ஆல்டர்நேட்டர் கதையையும் சேர்த்து. பதில் உடனே வந்தது. என் மெஷினின் பிளாஸ்டிக் துண்டுகளை ஸ்கேன் செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தார். அவரிடம் இருந்த படங்களில் இரண்டு துண்டுகள் உடைந்த மெஷினிலிருந்து எடுத்தவை, விரிசலை அவரே வரைந்து மறைத்திருக்கிறார். என்னுடையவை முழுசாக இருந்தன. கழற்றி, தூசு துடைத்து, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அனுப்பினேன். மெஷினின் தலைப்பகுதியில் நிற்கும் ஓவியக் கண்ணாடியான பேக் கிளாஸையும் கேட்டார். அதைக் கழற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. பெயிண்ட் கண்ணாடியின் பின்பக்கம் இருக்கிறது. பின்னால் பல வருடம் எரிந்த பல்புகளின் சூட்டில் அங்கங்கே செதில் செதிலாகத் தூக்கி நிற்கிறது. விரல் பட்டால் உதிரும். வந்த அன்றே 44 எண் பல்புகளை எடுத்துவிட்டு 47 போட்டேன், அதே 6.3 வோல்ட்டுதான், ஆனால் 250 மில்லி ஆம்பியருக்குப் பதில் 150, சூடு அந்த அளவுக்குக் குறையும். கண்ணாடியை இருந்த இடத்திலேயே வைத்து, முன்பக்கத்திலிருந்து படமெடுத்து அனுப்பினேன். போதும் என்றார்.

கடைசியாக அவர் கேட்டது சத்தம். டேபிளில் இப்போது இருக்கும் மணிகள் வேறு ஏதோ மெஷினில் பதிவு செய்தவையாம். அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. என் மெஷினில் 10, 100, 1000 என்று மூன்று மணிப்பட்டைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மின்விசிறியை அணைத்துவிட்டு, மைக்கை மெஷினுக்குள் வைத்து, மகள் சுவிட்சைத் தட்டத் தட்டப் பதிவு செய்தோம். 10 தெளிவாக வந்தது. 1000 நன்றாக, கனமாக, அடித்தபின் கொஞ்ச நேரம் நின்று ஒலித்தது. 100-ஐத் தட்டினாள். ‘டக்’ என்றது. இன்னொரு தடவை, ‘டக்’. 

கழற்றிப் பார்த்தேன். பட்டையைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் (சிறு வளையங்கள்) இறுகிப்போய் உலோகத்தோடு ஒட்டிக்கிடக்கின்றன. பட்டை அதிரவே முடியவில்லை. இதுவும் இத்தனை நாளாக என் காதுக்கு முன்னால்தான் இருந்திருக்கிறது. புது புஷ்களுக்குச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வந்து சேரவில்லை. இரண்டு மணிகளின் பதிவை மட்டும் அனுப்பிவிட்டு, மூன்றாவதுக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். காத்திருப்பதாக எழுதியிருக்கிறார்.